ஹோஃப்பிராய்ஹவுஸ்: கீழே பீர், மேலே அரசியல்

இன்னைக்கு நாம போகப் போறது ஜெர்மனியில இருக்கிற மியூனிக் நகரத்துக்கு. அங்கே இருக்கும் ஹோஃப்பிராய்ஹவுஸ், உலகத்திலேயே ரொம்பப் பிரபலமான பீர் ஹால்களில் ஒன்று. டூரிஸ்ட்டுகள் ஒரு லிட்டர் கோப்பையோட போட்டோ எடுத்துக்கிட்டு கிளம்பிடுவாங்க. ஆனா மேல்மாடிக்கு வேற ஒரு கதை இருக்கு.

முதல்ல ஆரம்பத்துக்குப் போவோம். வருஷம் 1589. அப்போ பவேரியாவை ஆண்டவர் டியூக் ஐந்தாம் வில்ஹெல்ம். அரண்மனைக்கு நல்ல பீர் வடக்கே ஐன்பெக் ஊர்ல இருந்து வந்துட்டு இருந்தது. செலவு எகிறியது. நாங்க ஆபீஸ்ல அடிக்கடி போடுற சண்டைதான்: வெளியே வாங்குறதா, நாமே செஞ்சுக்கிறதா? டியூக் சொந்தமாவே ஒரு பீர் ஆலை தொடங்கிட்டார். 'ஹோஃப்' என்றால் அரசவை. பேரே அதுதான்: அரசவை பீர் ஆலை.

சாதாரண ஜனங்களுக்கு அங்கே உட்கார்ந்து குடிக்க அனுமதி கிடைத்தது 1828-ல், மன்னர் முதலாம் லுட்விக் காலத்தில். 1844 மே மாதம் பீர் விலை ஏறினதும் மியூனிக்கில் கலவரமே வெடித்தது. அதே வருஷம் அக்டோபரில் மன்னர் ஹோஃப்பிராய்ஹவுஸ் பீர் விலையைக் குறைத்தார். பீர் அங்கே அவ்வளவு சீரியஸான விஷயம்!

1896-ல் ஆலை வேறு இடத்துக்குப் போனது. அடுத்த வருஷம் பழைய இடத்தில் இன்றைய ஹால் எழுந்தது. இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. தினமோ வாரமோ தவறாமல் வருகிற கூட்டத்துக்குன்னு தனி மேசை. அதுக்குப் பேர் 'ஷ்டாம்டிஷ்'. அவங்க சொந்தக் கோப்பையை வைக்க இரும்பு லாக்கர்கூட இருக்கு. வந்ததும் பூட்டைத் திறந்து, கோப்பையைக் கழுவி, பீர் வாங்கிக்கிட்டு உட்காருவாங்க.

இப்போ மேல்மாடிக்கு வருவோம். ரேடியோ ஒலிபரப்பு வராத காலம் அது. ஆயிரக்கணக்கான பேரிடம் ஒரே நேரத்தில் பேச, பெரிய பீர் ஹால்தான் வழி. 1919 ஏப்ரல் 13 இரவு, கம்யூனிஸ்ட்டுகள் தலைமையில் புது ஆட்சி இந்தக் கட்டடத்தில்தான் பிரகடனம் ஆனது. சில வாரங்களிலேயே ராணுவம் அதை நசுக்கியது.

பத்தே மாதம் கழிச்சு, 1920 பிப்ரவரி 24. மேல்மாடி விழா அரங்கில் சுமார் 2,000 பேர். ஒரு சின்னக் கட்சியோட 25 அம்சத் திட்டத்தை ஒருத்தர் வாசிக்கிறார். யூதர்கள் இந்நாட்டுக் குடிமக்களாக முடியாது என்பது அதில் ஒன்று. கூட்டத்தில் எதிர்ப்பாளர்களும் இருந்தாங்க, கத்தினாங்க. ஆனாலும் கைதட்டல் நிறைய. வாசித்தவர் அடால்ஃப் ஹிட்லர். அன்று வாசித்ததை 1935-ல் நியூரம்பர்க் சட்டங்கள் நிஜமாக்கின.

பலர் இதை 1923 புரட்சி முயற்சியோட குழப்பிக்குவாங்க. அது நடந்தது இதே ஊரின் வேறொரு பீர் ஹாலில்.

போரில் குண்டு விழுந்து கட்டடம் பெரும்பாலும் சிதைந்தது. விழா அரங்கு திரும்பத் திறந்தது 1958-ல். இன்றைக்கு அங்கே விருந்தும் நடனமும்தான்.

எனக்கு உறுத்துறது இதுதான். அன்னைக்குக் கைதட்டினவங்க யாரும் அரக்கர்கள் இல்லை. பக்கத்து மேசைக்காரங்க. அந்த ஊருக்குப் போனா கீழே கோப்பையோட போட்டோ எடுங்க, தப்பில்லை. ஒரு நிமிஷம் மேல்மாடியையும் நினைச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.