தோளில் போர்த்திய கொடி: மைதானத்தில் மரியாதையை அளக்கும் கோல் எது?

1936 ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டம் நடந்தது. எதிரணி ஜெர்மனி. போட்டிகள் தொடங்குவதற்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அதே ஜெர்மனியிடம் தோற்றிருந்ததால் இந்திய வீரர்கள் உள்ளூரக் கலங்கியிருந்தார்கள். ஆட்டத்துக்குச் சற்று முன், அணி நிர்வாகிகளில் ஒருவரான பங்கஜ் குப்தா உடைமாற்றும் அறையில் காங்கிரஸின் மூவண்ணக் கொடியை எடுத்து விரித்தார். வீரர்கள் அதை வணங்கிவிட்டுக் களமிறங்கி 8-1 என்ற கணக்கில் வென்றார்கள். அணித் தலைவர் தியான் சந்த் தம் வாழ்க்கை வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் போட்டிகளின் தொடக்க விழாவில் பிரிட்டிஷ் இந்தியாவின் கொடியை ஏந்தி நடந்தவரும் அவரே.

அன்றைய அரசின் கண்ணில் அந்த அறையில் நடந்தது ராஜ விசுவாசத்துக்கு எதிரான செயல். இன்றைய நம் கண்ணில் அது தேசபக்தியின் உச்சம். செயலும் துணியும் மாறவில்லை. மதிப்பிடும் அதிகாரம்தான் கைமாறியது. விளையாட்டு வீரர்களும் தேசியக் கொடியும் தொடர்பாக இந்தியாவில் கடந்த இருபது ஆண்டுகளில் எழுந்த சர்ச்சைகளை ஆராய்ந்தால் இதே உண்மை வேறு வடிவில் தெரிகிறது. கொடிக்கு என்ன நேர்ந்தது என்பது இந்தச் சர்ச்சைகளைத் தொடங்கிவைக்கிறது. கொடியின் பக்கத்தில் இருப்பவர் ‘நம்மவர்தானா’ என்ற ஐயம் அவற்றை வளர்க்கிறது. சட்டத்தின் வாசகத்தில் உள்ள ஒரு குறை இந்த ஐயத்துக்கு நீதிமன்றத்தின் வாசலைத் திறந்து விடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். அதில் தமிழகத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. இந்தித் திணிப்பை எதிர்த்து 1955இல் தேசியக் கொடியை எரிக்கும் போராட்டத்தைப் பெரியார் அறிவித்தார்; காமராசர் அளித்த உறுதிமொழியை ஏற்று அதைத் தள்ளிவைத்தார். 1957 நவம்பர் 26இல், சாதியைக் காக்கிறது என்று அவர் கருதிய அரசமைப்புச் சட்டப் பிரிவுகளை எரிக்கும் போராட்டம் நடந்தது. அதை எதிர்கொள்ளச் சென்னை மாநிலச் சட்டமன்றம் அந்த மாதமே அவசரமாகத் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்றாண்டு வரை சிறை என்பது அதன் தண்டனை. நாடு முழுமைக்குமான நடுவண் சட்டம் 1971இல்தான் வந்தது. அதிலும் தண்டனை மூன்றாண்டு வரைதான். ஆக, இந்தச் சட்டவகை யாரை மனத்தில் வைத்து உருவானது என்பது தெளிவு. நாள் குறித்து, அறிவித்து, அரசியல் கண்டனமாகக் கொடியையோ சட்டநூலையோ எரிப்பவரைத்தான். அங்கே நோக்கம் என்ன என்று தேட வேண்டிய அவசியமே இல்லை; எரிப்பவரே அதை மேடையில் சொல்லிவிடுவார். வெற்றிக் களிப்பில் கொடியைத் தோளில் சுற்றிக்கொண்டு ஓடும் இருபது வயதுப் பெண் அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் கற்பனையில் இல்லை.

கொடி மக்களின் கைக்கு வந்ததும் வெகு காலம் கழித்துத்தான். ஆண்டு முழுவதும் கொடியேற்றும் உரிமை நெடுங்காலம் அரசிடமே இருந்தது. 2002 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு அதைக் குடிமக்களுக்கும் அளித்தது. 2004இல் நவீன் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியைப் பறக்கவிடுவது அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு காக்கும் கருத்து வெளிப்பாட்டு உரிமை என்று தீர்ப்பளித்தது. கொடி அரசின் முத்திரையாக மட்டும் இருந்த நிலை மாறி, குடிமகனின் பேச்சாகவும் ஆனது. இந்த மாற்றத்தின் முழு விளைவை நாம் இன்னும் உணரவில்லை. பேச்சு என்று ஆகிவிட்டால், பேசுபவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்காமல் அதைத் தண்டிக்க முடியாது.

விளையாட்டு வீரர்களின் உடையில் கொடி இடம்பெறலாமா என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. கிரிக்கெட் வீரர்களின் ஹெல்மெட்டில் மூவண்ணக் கொடி இருப்பது விதிமீறல் என்ற ஆட்சேபம் கிளம்பியது. 2005இல் சட்டம் திருத்தப்பட்டு, உடையிலும் சீருடையிலும் இடுப்புக்கு மேல் கொடியை அணியலாம் என்றானது. இடுப்புக்குக் கீழ், உள்ளாடையில், கைக்குட்டையில், தலையணை உறையில் கூடாது. இந்தத் திருத்தத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் அது உடலை இரண்டாகப் பிரித்து மேல்பாதிக்கு மட்டும் மரியாதையை அனுமதித்தது என்பதையும் கவனிக்க வேண்டும். காலைத் தாழ்ந்த உறுப்பாகக் கருதும் பழைய மனப்பான்மை சட்ட வாசகத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. காலால் ஓடி, காலால் உதைத்து, காலால் தாண்டி நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவரும் ஒருவரைப் பற்றிய சட்டத்தில் இது சிறிய செய்தியல்ல.

1971 சட்டத்தின் இரண்டாம் பிரிவுக்கான நான்காம் விளக்கத்தை மைதானத்தில் நின்று படித்துப் பார்க்கலாம். அரசு இறுதிச் சடங்குகளிலும் படையினரின் இறுதிச் சடங்குகளிலும் தவிர வேறு எவ்வகையிலும் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்துவது அவமதிப்பு. கொடியின் மேல் எதையாவது எழுதுவது அவமதிப்பு. சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், வெற்றி பெற்றபின் கொடியைத் தோளில் போர்த்தி வலம்வரும் ஒவ்வொரு வீரரும், மூவண்ணத்தில் ஊர்ப்பெயர் எழுதிக் கிரிக்கெட் மாடங்களில் தொங்கவிடும் ஒவ்வொரு ரசிகரும் குற்றவாளிகள். யாரும் அப்படி வழக்குப் போடுவதில்லை, போடவும் கூடாது. தரையில் படவிடுவது பற்றிய கூறில் ‘வேண்டுமென்றே’ என்ற நிபந்தனை இருக்கிறது. காவி நிறம் கீழே வரும்படி காட்டுவது பற்றிய கூறிலும் இருக்கிறது. போர்த்துவது, எழுதுவது பற்றிய கூறுகளில் அந்தச் சொல் இல்லை. எல்லோரும் மீறும் விதி எவர் மேலும் எப்போது வேண்டுமானாலும் பாயலாம். யார் மேல் பாய வேண்டும் என்பதை முடிவு செய்வது வேறொன்று.

2008 ஜனவரியில் அது சானியா மிர்சா மேல் பாய்ந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஹாப்மன் கோப்பைப் போட்டியின்போது அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை மேசைமேல் நீட்டி அமர்ந்திருந்த அவருடைய படத்தில், பாதங்களுக்கு அருகில் இந்தியக் கொடி தெரிந்தது. அவர் கொடியை மிதிக்கவில்லை. ஒரு கோணத்தில் எடுத்த படத்தில் இரண்டும் பக்கம் பக்கமாக வந்துவிட்டன. போபாலில் தனிநபர் ஒருவர் கொடுத்த புகாரின்பேரில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. நாட்டை நேசிக்கிறேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த மாதமே, சர்ச்சைகள் தொடர்ந்து தன்னைச் சுற்றுவதைக் காரணமாகச் சொல்லி, பெங்களூர் ஓப்பன் போட்டியில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். சொந்த நாட்டு மண்ணில் ஆட மறுக்கும் நிலைக்கு நாட்டின் முதல்நிலை டென்னிஸ் வீராங்கனையைத் தள்ளியது எது? ஒரு புகைப்படம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன்பே அவருடைய ஆட்ட உடையைக் குறித்து மதவாதிகள் கண்டனம் செய்திருந்தார்கள். பின்னர் 2014இல், பாகிஸ்தானியரை மணந்திருந்த அவரைத் தெலங்கானா அரசு தன் விளம்பரத் தூதராக நியமித்தபோது, பாகிஸ்தானின் மருமகளுக்கு அந்தப் பொறுப்பா என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேட்டார். இவற்றை ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால் 2008இன் வழக்கு கொடியைப் பற்றியதாகத் தோன்றவில்லை. முஸ்லிம், பெண், சுயமாக முடிவெடுப்பவர் என்ற மூன்றும் சேர்ந்த ஒருவரிடம் ஊர் கேட்ட உறுதிச் சான்றிதழ் அது.

இதற்கு நேர் மறுப்பாகச் சச்சின் டெண்டுல்கரைச் சுட்டலாம். 2007இல் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த உலகக் கோப்பையின்போது மூவண்ணக் கேக்கை வெட்டினார் என்று அவர்மீதும் புகார் எழுந்தது. அவருடைய தேசபக்தியை யாரும் ஐயுறவில்லையே, அப்படியானால் விதி எல்லோருக்கும் பொதுதானே என்று கேட்கலாம். மறுப்பு நியாயமானது, பாதி மட்டும் சரி. புகழ்பெற்ற எவர்மீதும் புகார் கொடுக்க ஆள் கிடைப்பார். புகாருக்குப் பின் நடப்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. டெண்டுல்கர் விஷயம் ஒரு வினோதச் செய்தியாக வந்து மறைந்தது. அவர் தன் நாட்டுப்பற்றை மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. சானியாவின் பெயரோடு அது ஆண்டுக்கணக்காக ஒட்டிக்கொண்டது.

கேக் பற்றிய சட்டக் கேள்விக்குத் தெளிவான விடை சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து 2021இல் கிடைத்தது. 2013 கிறிஸ்துமஸ் விழாவில் கோயம்புத்தூரில், அசோகச் சக்கரத்துடன் இந்திய வரைபடமும் மூவண்ணமும் கொண்ட பெரிய கேக் வெட்டப்பட்டது. மாவட்ட ஆட்சியரும் காவல்துறை உயரதிகாரியும் கலந்துகொண்ட விழா அது. அதன்மீது எழுந்த வழக்கை ரத்து செய்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், விழா முடிந்து கலைந்தவர்கள் எந்த உணர்வோடு போயிருப்பார்கள் என்று கேட்டார். நாட்டை இழிவு செய்துவிட்டோம் என்ற எண்ணத்தோடா, இந்த நாட்டைச் சேர்ந்தவர்கள் என்ற பெருமிதத்தோடா? அவமதிப்பு என்பதற்கு அளவுகடந்த பொருள் கொடுத்தால் கொடியைக் கையில் எடுக்கவே மக்கள் அஞ்சுவார்கள் என்பதும் அவருடைய தீர்ப்பின் சாரம். கருத்துரிமை குறித்த நம் நீதிமன்ற மரபின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்கிறேன். 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற கேரளக் குழந்தைகள் எந்த அவமதிப்பும் செய்யவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மரியாதைக்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு என்பதை இரு தீர்ப்புகளும் ஏற்கவில்லை.

விதியே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அல்ல. 2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் 88.17 மீட்டர் ஈட்டி எறிந்து உலகத் தடகளப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கம் பெற்றுத்தந்த நீரஜ் சோப்ராவிடம், ஹங்கேரியப் பெண் ரசிகர் ஒருவர் இந்தியக் கொடியில் கையெழுத்துக் கேட்டார். கொடியில் எழுத முடியாது என்று மறுத்து, அவருடைய சட்டையில் கையெழுத்திட்டார் நீரஜ். யாரும் கட்டாயப்படுத்தாமல், வழக்குக்கு அஞ்சாமல் வந்த மரியாதை அது. அதே மாலையில், கையில் கொடி இல்லாமல் நின்ற வெள்ளி வீரர் பாகிஸ்தானின் அர்ஷத் நதீமைத் தன் பக்கத்தில் அழைத்துப் படம் எடுத்துக்கொண்டவரும் அவரே. இரண்டு செயல்களும் ஒரே மனத்திலிருந்து வந்தவை. ஆனால் 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின், தாக்குதலுக்கு முன்பே அர்ஷத்துக்கு அனுப்பியிருந்த போட்டி அழைப்பைச் சாக்காக்கி நீரஜ்மீதும் அவர் குடும்பத்தின்மீதும் வசை பொழிந்தார்கள். ராணுவத்தில் பணியாற்றுபவர், இரு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர், தன் நேர்மையை அறிக்கை வெளியிட்டு நிறுவ வேண்டியதாயிற்று. கொடியில் கையெழுத்திட மறுத்ததைப் பாராட்டிய சமூகம், அவருடைய நாட்டுப்பற்றின்மீது ஐயம் எழுப்பியபோது அதை மறந்துவிட்டது.

2023 மே 28ஐயும் இங்கே பேசியாக வேண்டும். மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர்மீதான பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு நடவடிக்கை கோரிய மல்யுத்த வீராங்கனைகள், மூவண்ணக் கொடியை ஏந்திப் புதிய நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். டெல்லி காவல்துறை அவர்களை மறித்து இழுத்துச் சென்றது. வினேஷ் போகட்டும் சங்கீதா போகட்டும் சாலையில் கிடக்க, அவர்களோடு கொடியும் கிடந்த படம் உலகெங்கும் போனது. கலவரம், அரசு ஊழியரைத் தடுத்தது முதலிய குற்றங்களுக்காக அவர்கள்மீது வழக்குப் பதிவானது. கொடி தரையில் பட்டது என்பது உண்மையிலேயே நம்மை வருத்தும் செய்தியாக இருந்தால், அன்று மிகப் பெரிய விவாதம் அதைப் பற்றித்தான் நடந்திருக்க வேண்டும். அந்த வீராங்கனைகளுக்குப் போராட உரிமை உண்டா என்பதே அன்றைய விவாதமாக இருந்தது.

பிற நாடுகளிலும் இதே இழை ஓடுகிறது. அமெரிக்கக் கொடி விதி, கொடியைக் கிடைமட்டமாக விரித்துச் சுமக்கக் கூடாது, விளையாட்டுச் சீருடையாக்கக் கூடாது என்கிறது. அங்குள்ள கால்பந்து அரங்குகளில் மைதான அளவுக் கொடியைக் கிடைமட்டமாக விரிப்பது வழக்கமான கொண்டாட்டம். கொடியைத் தொடவே தொடாமல், கறுப்பின மக்கள்மீதான காவல்துறை வன்முறையைக் கண்டித்து 2016இல் தேசிய கீதத்தின்போது முழந்தாளிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் 2017க்குப் பிறகு எந்த அணியிலும் ஆடவில்லை. முழந்தாளிடுவது மரியாதைக் குறைவாகத் தெரியாது என்று அவருக்கு யோசனை சொன்னவர் முன்னாள் படைவீரர் நேட் பாயர். ஆஸ்திரேலிய ஓட்டப்பந்தய வீராங்கனை கேத்தி ஃப்ரீமன் 1994 காமன்வெல்த் போட்டியில் தேசியக் கொடியோடு பழங்குடிக் கொடியையும் ஏந்தியபோது அணித் தலைமை நிர்வாகி கண்டித்தார். அடுத்த வெற்றியிலும் அவர் அதையே செய்தார். மறு ஆண்டு அந்நாட்டு அரசு பழங்குடிக் கொடிக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் அளித்தது. 2018இல் ஃபின்லாந்தில் ஓட்டப்பந்தய வீராங்கனை ஹிமா தாஸ் மூவண்ணத்தோடு அசாமியக் கமோசாத் துண்டையும் அணிந்து ஓடியதை நாம் மகிழ்ந்து ஏற்றோம். அந்தப் பெருந்தன்மை நம்மிடம் இருக்கிறது. அது ஆள்பார்த்து வருகிறது என்பதே குறை.

இதற்குத் தீர்வாகத் தனிநபர் புகார்களுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சிலர் கருதலாம். நான் அதை ஏற்கவில்லை. யார்மீது வழக்கு என்று ஆட்சியாளர் தேர்ந்தெடுக்கும் நிலை இன்றைய நோயை மேலும் முற்றச் செய்யும். செய்ய வேண்டியது இதைவிட எளியது. நான்காம் விளக்கத்தின் இரண்டு கூறுகளில் மட்டும் உள்ள ‘வேண்டுமென்றே’ என்ற நிபந்தனையை எல்லாக் கூறுகளுக்கும் விரிக்க வேண்டும். போர்வை பற்றிய கூறில், போட்டியில் வென்றவர் களத்தில் கொடியைத் தோளில் அணிவதை இறுதிச் சடங்குகளைப் போல விதிவிலக்காகச் சேர்க்க வேண்டும். இறந்தவருக்கு நாம் தரும் உரிமையை உயிரோடு வென்று வந்தவருக்கு மறுக்க எந்த நியாயமும் இல்லை. இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. 2005இல் ஹெல்மெட்டுக்காகச் செய்ததுபோல நாடாளுமன்றம் 1971 சட்டத்தின் விளக்கப் பகுதியை மீண்டும் ஒருமுறை திருத்தினால் போதும்.