எஸ்தோனியாவின் மெழுகுதிரித் திருநாள்

எஸ்தோனியாவில் பிப்ரவரி 2 மெழுகுதிரித் திருநாள். உள்ளூர்ப் பெயர் க்யூன்லபேவ். கிறிஸ்துமஸையும் சேர்த்து எண்ணினால் வரும் நாற்பதாம் நாளில் எருசலேம் கோவிலில் குழந்தை இயேசு காணிக்கையாக அர்ப்பணிக்கப்பட்டதை நினைவுகூரும் விழா இது. மெழுகுதிரிகளை மந்திரித்துப் பவனி செல்வது கத்தோலிக்க வழக்கம். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய, டேனிய சிலுவைப் படையினர் அந்நிலத்தைப் பிடித்தபின் திருச்சபையின் நாட்காட்டியும் அங்கே வேரூன்றியது. 1520-களில் லூத்தரின் சீர்திருத்தம் பரவியதும் திரி மந்திரிக்கும் சடங்கு மங்கியது. ஆனால் குடியானவர்கள் அந்த நாளை விடவில்லை. அவர்களுக்கு அது குளிர்காலத்தை அளக்கும் கோலாகிவிட்டது.

அன்றோடு குளிரின் நெஞ்சு உடைகிறது என்பது ஊர்வழக்கு. ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள் கால்நடைகள் தொழுவத்திலேயே அடைந்து கிடக்கும் நாடு அது. ஆகவே திருநாளன்று உலர்புல்லிலும் தானியத்திலும் பாதியாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறைந்திருந்தால் வசந்தத்தில் பஞ்சம். கூரை வைக்கோலைப் பிரித்து மாட்டுக்குப் போட்ட ஆண்டுகளும் உண்டு. ஜனவரி 17-இல் வரும் புனித அந்தோணியார் திருநாளையும் நடுக்குளிர் என்றே கணக்கிட்டார்கள். எஸ்தோனியா பழைய நாட்காட்டியை விட்டுக் கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறியது 1918 பிப்ரவரியில்தான். அதனால் 19-ஆம் நூற்றாண்டுக் குடியானவரின் பிப்ரவரி 2 இன்றைய கணக்கில் பிப்ரவரி 14. இருப்பைச் சரிபார்க்க அது இன்னும் பொருத்தமான பருவம்.

வீட்டில் ஆட்டு, மாட்டுக் கொழுப்பை உருக்கித் திரிகளை முக்கி எடுப்பது அந்நாளின் வேலை. மற்ற நாட்களில் மரச் சிராய்களைக் கொளுத்தியே வெளிச்சம் பெற்ற குடிசைகளில் மெழுகுதிரி அருமையான பொருள். பிப்ரவரி மாதத்துக்கே மெழுகுதிரி மாதம் என்று பெயர். பன்றியிறைச்சியும் வாற்கோதுமைக் கஞ்சியும் விருந்து.

ஆனால் இத்திருநாளின் உயிர் பெண்களிடம் இருந்தது. அன்று வீட்டுவேலை ஆண்கள் தலையில் விழும். பெண்கள் கூட்டமாக ஊர்ச் சாராயக்கடைக்குப் போய்ச் சிவப்பு மதுவோ, செம்பழம் ஊறிய சாராயமோ குடிப்பார்கள். அந்தச் சிவப்பு கன்னத்தில் ஏறி, ஆண்டு முழுதும் நோயின்றிக் காக்கும் என்பது நம்பிக்கை. மார்ச் 25, மரியாள் திருநாளிலும் இதே வழக்கம் உண்டு. நூற்பும் நெசவும் பால் கறப்புமாகக் கழிந்த குளிர்காலத்தில், வெளியே போய்க் கூடிச் சிரிக்க ஊரே ஒப்பிய உரிமை அது. வெறும் குடிக்கூத்தாக அதைப் பார்ப்பது தவறு.

இவ்வழக்கங்கள் இன்று தெரியவருவதற்கு நாட்டார் வழக்குகளைத் திரட்டிய யாக்கொப் ஹூர்ட் பெருங்காரணம். 1888-இல் அவர் விடுத்த அழைப்பை ஏற்று, நாடெங்கும் ஆசிரியர்களும் பண்ணையாட்களும் பழக்கங்களை எழுதி அனுப்பினர்.

1920-இல் இதே பிப்ரவரி 2 அன்று தார்த்து நகரில் சோவியத் ரஷ்யா அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு எஸ்தோனியாவின் விடுதலையை ஏற்றது. அதனால் தேசிய நாட்காட்டியில் அந்நாள் ஒப்பந்த ஆண்டு நிறைவாகவும் குறிக்கப்படுகிறது. தோழியர் கூடிச் சிவப்பு மது அருந்தும் வழக்கமும் தொடர்கிறது.