மலைக்கவுண்டரும் குடும்பப் பெயரும்: சேர்வராயன் மலைப் பெயர்களை எண்ணுவதில் ஒரு முறையியல் சிக்கல்

ஒரு குடும்பப் பெயர் எங்கே பிறந்தது, இன்று அதை எத்தனை பேர் தாங்குகிறார்கள் என்னும் இரு கேள்விகளும் ஐரோப்பியப் பெயராய்வில் இணைந்தே வருபவை. பெயர் அரிதானதாக இருந்தால் இணைப்பு இன்னும் நெருக்கமாகும்; இன்றைய பரவலைக் காட்டும் வரைபடமே அதன் பிறப்பிடத்தையும் சுட்டிவிடும். இம்முறையைச் சேலத்துக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் பொருத்தினால் என்ன கிடைக்கும்? மலையாளிப் பழங்குடியினரின் பெயர்களோடு நூறாண்டுக்கும் மேலாக ஒட்டிவந்த ‘கவுண்டன்’ என்னும் பின்னொட்டை எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கலாம் என்றே முதலில் தோன்றும். அப்படி எண்ணினால் தவறான முடிவுக்கே வருவோம் என்பதும், இம்மலையில் குடும்பப் பெயரின் வேலையைச் செய்பவை வேறு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இங்கே ‘மலையாளி’ என்பது தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலைவாழ் மக்களைக் குறிக்கும். பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர, கேரளத்தாரோடு இவர்களைச் சேர்த்துப் பார்க்க வேறு காரணம் இல்லை.

இத்தாலிய அளவுகோல்

இத்தாலிய நகரங்களின் செல்வக் குடும்பங்களிடம் பரம்பரைப் பெயர் இடைக்காலத்திலேயே இருந்தது. உழவரும் கூலிக்காரரும் உள்ளிட்ட எல்லோருக்கும் அது நிலைபெறக் காரணமாக இருந்தது பதிவேடு. 1563இல் முடிவுற்ற திரெந்து பொதுச்சங்கம், திருமணங்களையும் திருமுழுக்குகளையும் பங்குத்தந்தையர் ஏட்டில் பதிய வேண்டும் என்று விதித்தது. தந்தையின் பெயர், ஊர், தொழில், பட்டப்பெயர் ஆகிய நான்கு ஊற்றுகளிலிருந்து வந்த அடைமொழிகள் ஏட்டில் ஏறியபின் தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் தொடர்ந்தன.

இதில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். இத்தாலியில் மிகப் பரவலான பெயர் ரொஸ்ஸி. செந்நிற முடியோ முகமோ உடையவரைச் சுட்டிய இப்பெயர் பல ஊர்களில் தனித்தனியே தோன்றியது. ஆகவே ரொஸ்ஸிகளின் எண்ணிக்கையிலிருந்து உறவு எதையும் ஊகிக்க இயலாது. மறுபுறம் ‘பெஸ்கி’ போன்ற அரிய பெயர்கள் உள்ளன. தமிழர் வீரமாமுனிவர் என அறியும் கொன்ஸ்தான்சோ ஜூசெப்பே பெஸ்கி 1680இல் பிறந்தது மாந்துவா வட்டாரத்துக் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரேயில். 2009இல் பெர்கமோவின் ஆயரான பிரான்செஸ்கோ பெஸ்கி பிறந்தது பிரெஷியாவில். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவுதான். பெயர் ஒற்றுமை ஒன்றே இருவரும் உறவினர் என்று மெய்ப்பிக்காது. ஆனாலும் அரிய பெயர் தன் வட்டாரத்தை எப்படி விடாமல் பற்றியிருக்கிறது என்பதை இது காட்டும்.

நேப்பிள்ஸில் பெருகிய எஸ்போசித்தோ என்ற பெயர் மூன்றாவது பாடம் ஒன்றைத் தருகிறது. பெற்றோரால் கைவிடப்பட்டு, அறநிலையத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்குப் பதிவாளர் இட்ட பெயர் அது. பிறந்த குடும்பம் எதுவென்று தெரியாத நிலையிலும் குடும்பப் பெயர் உண்டாயிற்று. குருதியைக் காட்டிலும் பதிவேடே குடும்பப் பெயரின் தாய் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடிவாரத்துக்கு வந்த இத்தாலியர்

இந்த அளவுகோல் பிறந்த நாட்டிலிருந்தே ஒருவர் 1623இல் சேலம் பகுதிக்கு வந்தார். ரோமில் 1577இல் பிறந்த இராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டு, கொல்லிமலையின் அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கும், பின் சேலத்துக்கும் மோரமங்கலத்துக்கும் சென்று தம் சமயப் பணியைத் தொடங்கினார். ஆனால் நொபிலி என்னும் பெயர் இப்பகுதியில் எவருடைய பெயரிலும் குடும்பப் பெயராகத் தங்கவில்லை.

கடற்கரையில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கீசியர் பாதுகாப்பில் திருமுழுக்குப் பெற்றபோது பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோஸ்தா முதலிய பெயர்களும் கூடவே வந்தன. அவை இன்றும் தூத்துக்குடியில் தலைமுறை கடந்து வழங்குகின்றன. நொபிலியின் வழி வேறு. மக்கள் தம் வழக்கங்களைக் கைவிடாமலே சமயம் மாறலாம் என்பது அவர் கொள்கை. அவரே தத்துவபோதகர் எனத் தமிழகத்தில் அறியப்பட்டார். பின்வந்த பெஸ்கியும் தைரியநாதர் என்று தம் முதற்பெயரின் பொருளை மட்டும் தமிழாக்கிக்கொண்டார். பெஸ்கி என்னும் பகுதியை அன்றாட வழக்குக்கு ஏற்றதாகக் கருதவில்லை. உள்நாட்டுத் தமிழ்ப் பெயரமைப்பில் அப்படியோர் உறுப்புக்கு இடமே இல்லை என்பதை இருவரும் உணர்ந்திருந்தார்கள் எனக் கொள்ளலாம்.

ஒரே சமயம், ஒரே நூற்றாண்டு எல்லைக்குள், இருவேறு விளைவுகளைத் தந்தது. கடற்கரையில் அரசதிகாரத்தின் பதிவேடு இருந்தது. அடிவாரத்தில் அது இல்லை.

‘கவுண்டன்’ எப்படி ஒட்டியது?

காஞ்சிபுரத்து வேளாளர் மூவர் மலையேறிய கதையைச் சேர்வராயன் மலையாளிகள் சொல்வதுண்டு. பெரியண்ணன் சேர்வராயனுக்கும், மற்ற இரு தம்பியர் பச்சைமலை, கொல்லிமலை முதலிய மலைகளுக்கும் சென்றதாகக் கதை. எவர் எந்த மலைக்கு என்பது சொல்பவருக்கேற்ப வேறுபடும். வரலாற்றுச் சான்றாக இக்கதையை எடுத்துக்கொள்ள முடியாவிட்டாலும், இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. பெரிய மலையாளி, சின்ன மலையாளி என்ற பிரிவினைக்கு அண்ணன் தம்பி வரிசையே காரணம் சொல்கிறது. பொதுப் பெயர் ஒன்றை மூவருக்கும் பாட்டன் சொத்தாக அது தரவில்லை.

1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுப்பின் 4ஆம் தொகுதி நமக்கு முக்கியமான ஆவணம். சேர்வராயன் மலையாளிகள் அனைவருக்கும் இரண்டாம் பெயர் ‘கவுண்டன்’ என்றும், அவர்களைக் கூப்பிடும்போது எங்கும் அதுவே வழங்குகிறது என்றும் அவர் குறிக்கிறார். முதற்பெயர்களில் சில கடவுள் பெயர்கள். மற்றவை பச்சை, கறுப்பு, சின்ன, குட்டை, பெரிய மூக்கு என்னும் பொருளில் அமைந்தவை. இத்தாலியில் இத்தகைய பட்டப்பெயர்கள் ஏட்டில் உறைந்து குடும்பப் பெயர்களாயின. ரொஸ்ஸியே அவ்வகையில் வந்ததுதான். சேர்வராயன் மலையிலோ பட்டப்பெயர் அந்தந்த ஆளோடு நின்றது. விளிப்பெயர் எல்லோருக்கும் பொதுவாயிற்று. தர்ஸ்டன் இரண்டாம் பெயர் என்றது ஐரோப்பியக் கண்ணுக்குக் குடும்பப் பெயராகப் பட்டதில் வியப்பில்லை.

அச்சொல்லின் வரலாறும் இதையே உறுதிசெய்யும். கன்னடக் கல்வெட்டுகளில் ஊர்த்தலைவரைக் குறிக்கும் ‘காமுண்ட’ என்பதும் கொங்குக் கல்வெட்டுகளின் ‘காமிண்டன்’ என்பதும் பதவியைக் குறித்தவை. பதவி மரியாதையாகி, மரியாதை சாதி அடையாளமாகியது. சேல நாடு, மோக நாடு, முட்ட நாடு என மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்த சேர்வராயன் மலையில் பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்னும் பொறுப்புகள் இருந்தன. ஊர்க்கவுண்டர் என்ற வழக்கில் அச்சொல்லின் பழைய பதவிப் பொருள் இன்னும் அழியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். கல்வராயன் மலையின் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஆகிய மூன்று ஜாகீர்களில் அப்பெயர்கள் வழிவழியாக நிலைத்தனவே. பதிவேட்டுக்கு முன்பே அது பரம்பரைப் பெயர் அல்லவா? அவை பரம்பரையாக வந்தவைதாம். ஆனால் அவை ஜாகீரின் பெயராகவே வழங்கின. நிலத்தோடும் ஆட்சியுரிமையோடும் கட்டுண்டவை. ஆட்சிக் குடும்பத்துக்கு உரியதை ஊராரனைவரின் வம்சப் பெயராக நீட்ட முடியாது.

குடும்பப் பெயர் ஆகாமைக்கு மூன்று காரணங்கள்

முதலாவது, மண உறவு. மலையாளிகளுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பங்காளி, மாமன் மச்சான் முறை பார்த்தே நடக்கும். பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. மணமகன் வீட்டாரும் கவுண்டர், மணமகள் வீட்டாரும் கவுண்டர் என்னும்போது அப்பின்னொட்டு வம்சத்தைப் பிரித்துக்காட்டும் வேலையைச் செய்ய இயலாது. யாருக்குள் மணம் நடக்கலாம் என்னும் வெளி எல்லையை மட்டுமே அது குறிக்கிறது. உள் எல்லையைக் காப்பது குலதெய்வமும் பங்காளி நினைவும். இவை எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இரண்டாவது, பெண்கள். பேச்சில் கவுண்டச்சி என்பார்கள். ஆனால் ஆவணத்தில் பெண்ணின் பெயரோடு அப்பின்னொட்டு வருவது வழக்கமில்லை. இத்தாலியப் பெண் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே சட்டப் பெயராகக் கொள்கிறார். குழந்தைக்குத் தந்தையின் பெயர் தானாகவே வரும் முறையை 2022இல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதது என்று தீர்ப்பளித்தது. மக்கள்தொகையில் பாதிப்பேரை விட்டுவிடும் ஒரு சொல்லின் எண்ணிக்கையை இதோடு எப்படி ஒப்பிடுவது?

மூன்றாவது, பகிர்வு. கொங்கு வேளாளரும் கவுண்டர், சேலம், தர்மபுரி வட்டார வன்னியர் பலரும் கவுண்டர், மலையாளிகளும் கவுண்டர். சமவெளியார் ‘மலைக்கவுண்டர்’ என்று அடைகொடுத்துச் சொல்வது இக்குழப்பத்தைத் தவிர்க்கத்தான். ஏற்காடு அடிவாரத்தில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில், ஒரே பின்னொட்டுக்குப் பின்னால் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் பழங்குடியினர் என மூன்று சட்டநிலைகள் நிற்கின்றன. ரொஸ்ஸியைப் போலவே, பரவல் கூடக்கூட இச்சொல் தரும் செய்தி குறைகிறது.

இன்றைய எண்ணிக்கை எதைக் காட்டும்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பின்னொட்டுகளை எண்ணி வெளியிடுவதில்லை, சமூகத்தை எண்ணுகிறது. 2001இல் தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் 6,51,321 பேரில் மலையாளிகள் 3,10,042. 2011இல் 7,94,697 பேரில் 3,57,980. மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடிச் சமூகம் இது. இத்தனை பேர் இருந்தும் பொதுவாழ்வில் அப்பின்னொட்டு அருகிவிட்டது. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் 2011 முதல் 2021 வரை நடந்த தேர்தல்களில் வென்ற பெருமாள், சரோஜா, சித்ரா ஆகிய மூவரும் இனிஷியலும் பெயருமாகவே அறியப்பட்டவர்கள்.

இம்மாற்றத்துக்குக் காரணம் மலையில் மட்டும் இல்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. பள்ளிக்கூடப் பதிவேடு தந்தை பெயரின் முதலெழுத்தைப் பொதுமுறையாக்கியது. கீழே மறைந்தது மலையிலும் மறைந்தது. இப்போது வேறொரு திருப்பம். கடவுச்சீட்டு விண்ணப்பம் குடும்பப் பெயர் கேட்கிறது. பான் அட்டை விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்தெழுத வேண்டும். தந்தையின் பெயர் அந்தக் கட்டத்தில் போய் அமர்கிறது. ஒரே வீட்டில் பாட்டனுக்கு ‘கவுண்டன்’, மகனுக்கு இனிஷியல், பேத்திக்குத் தந்தை பெயரே குடும்பப் பெயர் என மூன்று வடிவங்கள் வரக்கூடும். இவற்றை மூன்று குடும்பங்களாகவே கணினி எண்ணும். பெயர் பரவல் வரைபடம் இங்கே மக்களின் இடப்பெயர்வைக் காட்டாது. எந்தத் தலைமுறை எந்தப் படிவத்தை நிரப்பியது என்பதையே காட்டும்.

இதற்கு மாற்று உண்டு. வாக்காளர் பட்டியல் ஒவ்வொருவர் பெயரோடும் தந்தை அல்லது கணவர் பெயரைத் தருகிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் தமிழ் வழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பும் பெயரிணைகளை ஊர்வாரியாகப் பிரித்தெடுக்கலாம். சேர்வராயன், கரிராமன் போன்ற மலைத்தெய்வப் பெயர்கள் எந்த நாட்டில் செறிந்திருக்கின்றன என்று பார்க்கலாம். பெஸ்கி என்ற அரிய பெயர் பிரெஷியா வட்டாரத்தில் செய்யும் வேலைக்கு இங்கே இணையாகக்கூடியவை இவையே, கவுண்டன் அல்ல.

சட்டத்தின் முன் ஒரு பின்னொட்டு

இந்த வேறுபாடு ஆய்வாளர் கவலையோடு முடிவதில்லை. பட்டியல் பழங்குடியினர் ஆணையில் ‘மலையாளி’ என்ற பெயர் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கே உரியது. ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையிலுள்ள மலையாளிகள் அந்த உரிமைக்கு வெளியே நிற்கிறார்கள். 2016இல் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா ‘மலையாளிக் கவுண்டர்’ என்பதை ‘மலையாளி’க்கு இணைப்பெயராகச் சேர்க்க முனைந்தது, அது சட்டமாகவில்லை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாட்டுத் திருத்தம் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தை மட்டும் சேர்த்தது.

தர்ஸ்டன் காலத்தில் கூப்பிடு பெயராக ஏட்டிலேறிய சொல், ஒரு நூற்றாண்டுக்குப் பின் சட்டத்திருத்தம் வேண்டி நிற்பது பதிவேட்டின் வலிமைக்குச் சான்று. பாட்டன் பட்டாவில் கவுண்டன் என்றிருப்பதால் பேரனைச் சமவெளிச் சாதியாகக் கருதுவதும், பெயரில் அது இல்லாததால் மலையாளி அல்ல என்று ஐயுறுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். சாதிச் சான்றிதழ் விசாரணையில் ஊர், நாடு, குலதெய்வம், பங்காளி உறவு, மண உறவு ஆகியவற்றையே முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும். பின்னொட்டு இருப்பதையோ இல்லாததையோ எந்தப் பக்கத்துக்கும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.