சுருக்குப் பையும் கட்டம் போட்ட அட்டையும்

நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். ஒரே சொல்லில் இரண்டையும் முடிந்து வைத்த நம் முன்னோர்கள், கையில் காசே இல்லாமல் கத்தரிக்காய் வாங்கும் காலம் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காலம் வந்துவிட்டது. மதுரையில் பழங்காநத்தம் உழவர் சந்தைப் பக்கம் போனால், தராசுக்கு அருகே கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட அட்டை சாய்ந்து நிற்பதைக் காணலாம். வாங்குகிறவர் கைப்பேசியை நீட்டுகிறார். பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஜப்பானில் மோட்டார் உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதற்காக 1994-ல் பிறந்த கட்டம், கீரைக்கட்டுக்கு விலை வாங்க இங்கே வந்து சேர்ந்தது விசித்திரந்தான்!

பணம் உருமாறுவது சந்தைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு 6, மூன்றணாவுக்கு 19 என்று சர்க்கார் அட்டவணை போட்டது. அதைப் படிக்கத் தெரியாதவர்களும் கூடை சுமந்து வந்து விற்றார்கள். பழைய காசும் புதுக் காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கியதால் சமாளித்தார்கள்.

2016 நவம்பர் 8-ந் தேதி அந்த அவகாசம் கிடைக்கவில்லை. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்காக இருந்த 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாமற் போயின. யு.பி.ஐ. என்னும் ஏற்பாடு அவ்வாண்டு ஏப்ரலில்தான் தொடங்கியிருந்தது. நோட்டுத் தட்டுப்பாடு ஜனங்களை அதன் பக்கம் தள்ளியது; 2020-ல் கொள்ளை நோயும், காசைத் தொடுவதற்கே இருந்த அச்சமும் இன்னும் தள்ளின. வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கலாகாது என்ற விதியும் அந்த ஜனவரியில் அமலுக்கு வந்தது. 2023 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் நாட்டில் 1,000 கோடி தடவைக்கு மேல் இவ்விதம் பணம் கைமாறியது.

சௌகரியம் இல்லையென்று யார் சொல்வது? சில்லறைக்குப் பதில் மிட்டாய் வாங்கிக்கொள்ளும் தண்டனை ஒழிந்ததே பெரிது. ஆனால், காய்கறி விற்கும் கிழவியின் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை நினைத்துப் பாருங்கள். அது அவளுடையது. அதிலிருந்து எடுத்துப் பேத்திக்கு வளையல் வாங்க அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தனக்கென்று கைப்பேசியும் பாங்குக் கணக்கும் இல்லாதவள் மகனுடைய அட்டையை வைத்து விற்றால், பகலெல்லாம் வெயிலில் உட்கார்ந்தவள் பொழுது சாய்ந்ததும் மகனிடம் கையேந்த நேரும். இதில் திருட்டு இல்லை. ஆயினும் ஒரு சுதந்திரம் சத்தமில்லாமல் கை மாறிவிடுகிறது.

பரிகாரம் இல்லாமலில்லை. ஏழைகளுக்கான ஜன தன் கணக்குகள் 2014-லேயே தொடங்கின. சாதாரணப் பொத்தான் ஃபோனிலும் யு.பி.ஐ. வழியே பணம் அனுப்பும் முறை 2022 மார்ச்சில் வந்தது. சர்க்கார் செய்யக்கூடியது அவ்வளவுதான். அட்டையில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதை வீடுதான் தீர்மானிக்கிறது.

காசு எந்த உருவமும் எடுக்கட்டும். உழைத்தவள் பெயரில் அது போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் வீட்டாரின் நாணயம்.