அண்ணன் வந்தால் தம்பியும் வருவான்!

உங்களுக்குத் தெரிந்த அமெரிக்கக் குடும்பம் ஏதாவது இருந்தால் அதன் பூர்வகதையை விசாரித்துப் பாருங்கள். எழுபதுகளில் ஒரு பெரியப்பா டாக்டராகப் போயிருப்பார். பிறகு தம்பியைக் கூப்பிட்டிருப்பார். தம்பி தன் பெண்டாட்டி, பிள்ளைகளோடு போயிருப்பார். அந்தப் பெண்டாட்டி தன் அண்ணனைக் கூப்பிட்டிருப்பாள்...

இந்தச் சங்கிலியைச் செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? வெளி ஆட்கள் வந்து அமெரிக்காவின் முகம் மாறிவிடக்கூடாது என்று கவலைப்பட்ட ஒரு எம்.பி.!

கதை 1924-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. எந்த நாட்டுக்காரர்கள் ஏற்கெனவே எத்தனை பேர் அமெரிக்காவில் இருக்கிறார்களோ, அதில் 2 சதவிகிதம்தான் அந்த நாட்டுக்கு வருடாந்திர கோட்டா. 1920-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு கையில் இருந்தது. ஆனால் அதை விட்டுவிட்டு 1890 கணக்கை எடுத்தார்கள். ஏன்? இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் யூதர்களும் பெருங்கூட்டமாக வந்தது அதற்குப் பிறகுதான். பழைய பேரேட்டைப் புரட்டினால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்!

ஆசியர்களுக்கோ அநேகமாகக் கதவே கிடையாது. இந்தியாவுக்கு 1946-ல் ஒரு வழி திறந்தது. எத்தனை பேருக்கு? வருடத்துக்கு 100 பேர். இரண்டு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

1924-லேயே இந்தச் சட்டத்தை எதிர்த்து முழங்கியவர் இமானுவேல் செல்லர். புரூக்ளினிலிருந்து புதிதாக ஜெயித்து வந்த எம்.பி. தோற்றுப்போனார். ஆனால் விடவில்லை. 41 வருடங்கள் காத்திருந்தார்.

நேரம் வந்தது. 1963-ல் ஜான் கென்னடி, கோட்டாவை ஒழிக்கச் சொல்லி காங்கிரஸுக்கு யோசனை அனுப்பினார். அவர் கொல்லப்பட்ட பிறகு ஜான்சன் அதைக் கையில் எடுத்தார். 1964-ல் கறுப்பின மக்களுக்கான சிவில் உரிமைச் சட்டம் வந்தாயிற்று. உள்ளூரில் பேதம் பார்க்காதே என்று சட்டம் போட்டுவிட்டு, விசாவில் பிறந்த ஊரைப் பார்த்தால் உலகம் சிரிக்காதா? இத்தாலிய, கிரேக்க, யூத அமைப்புகள் ஆதரித்தன. கத்தோலிக்க அமைப்புகள் ஆதரித்தன. தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஆதரித்தது.

எதிர்ப்பு? அதுவும் பலமாகவே இருந்தது. சுதந்திரப் போரில் பங்கெடுத்தவர்களின் வம்சாவளிப் பெண்கள் நடத்தும் 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' அமைப்பு கூடாது என்றது. இங்கிலாந்தையும் எத்தியோப்பியாவையும் ஒரே தட்டில் வைப்பதா என்று வாதாடினார் செனட்டர் சாம் எர்வின். பொதுஜனம் என்ன நினைத்தது? 1965-ல் கேலப் நிறுவனம் கேட்டது. வருகிறவர்கள் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்றவர்கள் 33 சதவிகிதம். கூட்டுங்கள் என்றவர்கள் வெறும் 7 சதவிகிதம்.

அதனால் சட்டத்தை ஆதரித்தவர்கள், 'பயப்படாதீர்கள், ஒன்றும் மாறாது' என்றே சொல்லி விற்றார்கள். ஆசியக் கட்டுப்பாட்டை எடுத்தால் முதல் வருடம் 5,000 பேர் வருவார்கள், அப்புறம் வரத்து கிட்டத்தட்ட நின்றுவிடும் என்றார் ராபர்ட் கென்னடி.

இங்கேதான் மைக்கேல் ஃபீகன் வருகிறார். ஓஹையோ எம்.பி. குடியேற்றத் துணைக்குழுவின் தலைவர். மசோதா அவரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அரசாங்கம் திறமைக்கு முதலிடம் கேட்டது. ஃபீகன், 'ம்ஹூம், சொந்தபந்தங்களுக்கு முதலிடம் கொடுங்கள்' என்றார். கணக்கு சுலபம். அமெரிக்காவில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஐரோப்பிய வம்சம். அவர்களின் உறவுகள் வேறு எங்கிருந்து வருவார்கள்? கோட்டா இல்லாமலே கோட்டா! இடங்களில் 74 சதவிகிதம் உறவினர்களுக்குப் போனது. அதிலும் சகோதர சகோதரிகளுக்கு மட்டும் 24.

எதிர்ப்பாளர்கள் பலர் சமாதானமானார்கள். பிரதிநிதிகள் சபையில் 318-க்கு 95, செனட்டில் 76-க்கு 18 என்று மசோதா ஜெயித்தது. 1965 அக்டோபர் 3-ம் தேதி சுதந்திர தேவி சிலையின் காலடியில் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். இது ஒன்றும் புரட்சிகரமான சட்டமில்லை என்றும் சொல்லி வைத்தார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஐரோப்பா செழிப்பாகிவிட்டது. அங்கிருந்து கிளம்ப ஆளில்லை. இந்திய, பிலிப்பைன்ஸ் டாக்டர்களும் என்ஜினீயர்களும் திறமைக்கென்று ஒதுக்கிய சின்ன ஜன்னல் வழியாக நுழைந்தார்கள். குடியுரிமை வாங்கினார்கள். ஃபீகன் திறந்து வைத்த பெரிய வாசல் வழியாகத் தம்பி, தங்கைகளை அழைத்தார்கள். 1960-ல் சுமார் 12,000 இந்தியர்கள். 1980-ல் இரண்டு லட்சத்துக்கு மேல்!

எதிர்ப்பாளர்களைத் திருப்திப்படுத்தச் சேர்த்த இன்னொரு ஷரத்து, மெக்சிகோ உள்ளிட்ட அண்டை நாடுகளுக்கு முதன்முறையாக 1,20,000 என்று உச்சவரம்பு வைத்தது. மெக்சிகோ கூலியாட்களை முறைப்படி அழைத்து வந்த ஒப்பந்தமும் 1964-லேயே முடிந்திருந்தது. வேலை இருந்தது, ஆட்களும் வந்தார்கள். காகிதம் மட்டும் இல்லை. 'சட்டவிரோதக் குடியேற்றம்' பெரிய தலைவலியானது இப்படித்தான்.

நமக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. பேதம் கூடாதென்று 1965-ல் எல்லா நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு என்ற கொள்கையைக் கொண்டுவந்தார்கள். குட்டி நாடும் இந்தியாவும் ஒன்று. சென்னையிலிருந்து போன என்ஜினீயர் கிரீன் கார்டுக்குப் பல்லாண்டுகள் வரிசையில் நிற்பது அந்தச் சமத்துவத்தால்தான். தம்பியைக் கூப்பிட இன்று மனுப்போட்டாலும் பதினைந்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

வாசலைத் திறந்தவர்களும் தாங்கள் செய்வது இன்னதென்று அறியவில்லை, தாழ்ப்பாள் போட வந்தவர்களும் அறியவில்லை. நடுவில் பெரியப்பா மட்டும் சட்டத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறார்!