அகலும் அதன் எண்ணெயும்



பழங்கால மண்விளக்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் அழகையே பேசுவர். நான் அதன் செலவைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன்.

களிமண்ணைச் சிறு கிண்ணமாக வனைந்து, திரி சாய்ந்து கிடக்க விளிம்பில் ஓரிடத்தை விரலால் அழுத்திச் சூளையில் சுட்டால் அகல் ஆயிற்று. அதனை வாங்குதல் எளிது. நாள்தோறும் எரித்தலே அரிது. புதிய அகலை நீரில் ஊறவைத்த பின்னரே எண்ணெய் வார்ப்பது நம் இல்லங்களின் வழக்கம். மண் குடிக்கும் சிறிதளவு எண்ணெயையும் இழக்க மனமில்லாதவர் கண்ட முறை அது.

கடலூருக்கு வடக்கே அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது உரோமானியர் பொருள்கள் பல வெளிப்பட்டன. அந்த யவனர் செய்த பாவை விளக்கொன்று, அகல் நிறைந்த நெய்யுடன் பாண்டியன் அரண்மனையில் எரிந்ததை நெடுநல்வாடை காட்டுகிறது. அரசர்க்கு நெய் குறைவில்லை. மற்றையோர்க்கு?

இதற்கு விடை சோழர் கல்வெட்டுகளில் உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்தில் ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்காவது நாழியில் காற்பங்கு. ஒரு சுடர் அணையாதிருக்க ஒரு மந்தையே வேண்டியிருந்தது!

மந்தை இல்லாதவர் நிலையைச் சிதம்பரத்தில் காண்கிறோம். பெரியபுராணம் கூறும் கணம்புல்லர், செல்வம் இழந்து தில்லைக்கு வந்தவர். கணம்புல்லை அரிந்து விற்று, அப்பணத்தில் நெய் வாங்கித் திருப்புலீச்சரத்தில் விளக்கேற்றினார். ஒருநாள் புல் விலைபோகவில்லை, அப்புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தம் தலைமுடியையே விளக்காக்கினார். பக்தியின் பெருமையைச் சொல்லும் இக்கதை, ஒளியின் விலையையும் சொல்கிறது.

ஏழை இல்லங்களில் இலுப்பை எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் எரிந்தன. அந்தியில் ஏற்றிய விளக்கு உணவு முடிந்ததும் அணைக்கப்படும். ஏடு படிப்பதற்கென இன்னும் ஒரு நாழிகை எரிய விடுவது ஒரு குடும்பத்தின் பெருஞ்செலவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் பரவிய பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது.

அருங்காட்சியகத்தில் பழைய அகலைக் காணும்போது அதன் மூக்கை உற்று நோக்குங்கள். அங்கே கரி படிந்திருந்தால், அந்த இரவின் எண்ணெயை யார் உழைத்துத் தேடினார் என்று கேளுங்கள். வரலாறு அவ்வினாவில்தான் தொடங்குகிறது.