நடுக்குவாதம்: தெருவில் கண்ட நோய்



மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் விளையும் நோய்கள் பல. அவற்றுள் நடுக்குவாதத்தின் வரலாறு அறியத்தக்கது. அது ஆய்வுக்கூடத்தில் அன்று, தெருவில் தொடங்கியது.

லண்டனில் ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் வாழ்ந்தார். கைகள் ஓயாது நடுங்க, உடல் முன்னே குனிய, நடக்கத் தொடங்கினால் நடையே ஓட்டமாக மாறிவிடும் சிலரை அவர் கண்டார். 1817-ஆம் ஆண்டில் அவர்களைப் பற்றிச் சிறு நூலொன்று எழுதினார. அதில் இடம்பெற்ற நோயாளிகள் அறுவரே. அவர்களுள் இருவரை அவர் தெருவில் தற்செயலாகச் சந்தித்து விசாரித்தார். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி.

இதில் வியப்பென்ன என்று கேட்பீர்கள். தனித்தனியே தோன்றிய அக்குறிகள் யாவும், ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் ஒரே நோயின் படிகள் என்பதை அவர் உணர்ந்தார். நோயின் இருப்பிடத்தை அவரால் உறுதி செய்ய இயலவில்லை. அதை மறைக்கவும் இல்லை. உடற்கூற்று அறிஞர்கள் ஆராய வேண்டும் என்றே வேண்டினார். பின்னர்ப் பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ அந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். 1919-இல் அதே நகரில் த்ரெத்தியாக்கோவ் என்பவர், நோயாளிகளின் நடுமூளையில் உள்ள கருநிறப் பகுதியின் அணுக்கள் அழிந்திருத்தலைக் காட்டினார்.

அவ்வணுக்களோடு உடல் எதை இழக்கிறது? விடைக்கான பொருளொன்று நம் சென்னையிலும் கையில் அகப்பட்டிருந்தது. 1937-இல் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர், பூனைக்காலி விதையிலிருந்து டோப்பா என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அதற்கும் நடுக்குவாதத்திற்கும் உள்ள தொடர்பை அன்று எவரும் அறியார். 1957-இல் சுவீடன் நாட்டுக் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரில் உள்ள ரிசர்ப்பின் என்னும் மருந்தால் முயல்களை அசைவற்றுப் போகச் செய்தார். டோப்பாவைச் செலுத்தியதும் அவை மீண்டும் துள்ளின. டோப்பாவிலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் டோப்பமைனே, இறந்த நோயாளிகளின் மூளையில் மிகக் குறைந்திருந்தது என 1960-இல் வியன்னா அறிஞர்கள் கண்டனர். மறு ஆண்டு அந்நகரில் டோப்பா ஊசி பெற்ற நோயாளிகள், படுக்கையினின்று எழுந்து நடந்தனர். பயன் சில மணி நேரமே நீடித்தது. 1967-இல் கோட்சியாஸ் என்பவர், அதனைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே கொடுத்து, நீடித்த பயன் கண்டார்.

இன்றும் அதுவே தலையாய மருந்து. ஆயினும் அது குறையை நிரப்புகிறதேயன்றி, அணுக்களின் அழிவை நிறுத்துவதில்லை. அவ்வழி இன்னும் திறக்கப்படவில்லை; உங்களுள் ஒருவர் திறக்கலாம்.

அதுவரை செய்யத்தக்கது ஒன்றுண்டு. கடைவாசலில் கை நடுங்கச் சில்லறை எண்ணும் முதியவரைக் கண்டால், நகைக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். அத்தகைய ஒருவரை நின்று பார்த்து, பரிவோடு விசாரித்ததிலிருந்தே இவ்வறிவு அனைத்தும் பிறந்தது.